அண்ணன் சொன்ன கதை

"பூட்டுக்காரி ஜன்னல் வழியா குதிக்க வேணாமாம். வாசக்கதவைத் தட்டிட்டே உள்ள போகட்டுமாம்" என்றாள் அம்மா, உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே.

தங்கை பென்சிலை நிறுத்தினாள். "தட்டினா வில்லன் திறப்பானாமா? அதைக் கேட்டியா?"

"கேட்டேன். திறப்பானாம். யாராவது வந்து ரெண்டு வார்த்தை பேசமாட்டாங்களான்னு ஏங்கிப்போய் உக்காந்திருக்கானாம். எனக்கென்ன தெரியும்? உங்கண்ணன் சொன்னதைச் சொல்றேன்."

தங்கை சிரித்துக்கொண்டே காமிக்ஸ் கட்டத்தை அழித்து, மூடிய கதவு ஒன்றை வரையத் தொடங்கினாள்.

எந்தப் பூட்டையும் திறந்துவிடுகிற 'பூட்டுக்காரி'யை அண்ணனும் அவளும் பள்ளி நாட்களில் உருவாக்கினார்கள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்தபடி அவன் மூச்சுவிடாமல் கதை சொல்லுவான். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவள் வரைவாள். வெடிச் சத்தம் வரும் இடத்தில் 'டமார்' என்று எழுதும் உரிமை அவனுக்கு மட்டுமே. அவள் தெரியாமல் எழுதிவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். ஜெராக்ஸ் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, வகுப்பில் விற்றார்கள். வளர்ந்து ஆளுக்கொரு வேலைக்குப் போன பிறகும் கைக்காசைப் போட்டு இதழைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள்.

பிறகு ஒரு கல்யாண விருந்தில், நாலு பேர் கேட்க, "படம் யார் வேணும்னாலும் போடலாம், கதைதான் உசுரு" என்று அவன் சொல்லித் தொலைத்தான். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டாள். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இனி பூட்டுக்காரியைத் தொடுவதில்லை என்று தூரிகைகளையெல்லாம் பரண்மேல் தூக்கிப்போட்டாள்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அம்மா ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்வருவாள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை திரும்பி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவன் கதை சொல்லி அனுப்பியிருக்கான். வரையறதும் வரையாததும் உன் இஷ்டமாம்" என்றாள்.

எழுதித் தந்தால் என்னவாம் என்று தங்கை கேட்டாள். எழுதித் தந்தால் அவன் இறங்கி வந்தது மாதிரி ஆகிவிடுமாம். அண்ணனின் வீம்பு அவளுக்குத் தெரியாததா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டு முடித்ததும் பரணில் ஏறினாள்.

அன்றிலிருந்து இப்படித்தான். அம்மா நடுநடுவே மறந்துபோவாள். "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று கூரையைப் பார்ப்பாள். தங்கை ஏதாவது குறை சொன்னால், "கேட்டுட்டு வரேன்" என்று போய், அடுத்த வாரம் மாற்றத்தோடு வருவாள். முன்பெல்லாம் ஒரு கமாவை மாற்றவும் சம்மதிக்காத அண்ணன், இப்போது தங்கை சொன்னால் சரி என்கிறான். அதிலேயே அவள் கோபம் பாதி கரைந்துபோனது.

கதையும் மாறியிருந்தது. குண்டு வெடிப்பது குறைந்து, ஆட்கள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். சண்டைக்குக் கிளம்பும் பூட்டுக்காரியை யாராவது ஒருவர் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அண்ணனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதனால்தான் மனசு இளகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நல்ல கதைதான். ஆனாலும் வரையும்போது சில சமயம், மேஜைக்கடியில் தோளோடு தோள் இடித்துக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்து கை நின்றுவிடும்.

அந்த ஆண்டு காமிக்ஸ் கண்காட்சியில் ஒரு சின்ன மேஜை கிடைத்தது. துணைக்கு அம்மாவும் வந்திருந்தாள். கூட்டம் சற்று ஓய்ந்த நேரத்தில், புதிய இதழைக் கையில் பிடித்தபடி ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது. அண்ணன்.

கேட்க வேண்டும் என்று தங்கை சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. வாயில் வந்தது ஒன்றுதான்.

"கதை ரொம்ப நல்லா வருதுண்ணா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குத்திக்காட்டாதே. அன்னிக்கு நான் பேசின பேச்சுக்கு இது வேணும்தான் எனக்கு. ஒவ்வொரு இதழும் படிக்கறேன். என்னைவிட நல்லா எழுதறே நீ."

"நானா?"

"பின்ன? நான்தான் சண்டை போட்ட நாள்லேருந்து ஒரு வரிகூட எழுதலையே. அப்புறம் ஏன் நீ அட்டையில இன்னும் என் பேரையே போடறேன்னு கேட்டு அனுப்பினேன். எடுக்க உனக்கு மனசு வரலையாம். அம்மா சொன்னா."

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மேஜையின் மறுகோடியில், இதழ் வாங்க வந்த ஒரு பெண்மணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் இருவருக்குமே தெரியாத அடுத்த இதழின் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.