டூப்ளிகேட் இல்லாத டிரைவ்

“இது டூப்ளிகேட் இல்லையே தம்பி?” என் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்த பூங்கோதை அக்கா புது டிரைவைக் காட்டிக் கேட்டார்.

“ஒரிஜினல்க்கா. இதுல டூப்ளிகேட்டுக்கே இடமில்ல” என்று விளம்பர வாசகத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அந்த எஸ்எஸ்டி டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

பழைய டிரைவைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். பழையதில் இருந்ததையெல்லாம் புதியது இழுத்துக்கொண்டு, பழையதைச் சுத்தமாகத் துடைத்துப் போட்டது. இந்த வருட மாடல்கள் எல்லாம் அப்படித்தான்.

அக்கா ஆசையாக ஒரு படத்தைத் திறந்தார். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, பக்கத்தில் ஆளே இல்லாத வெற்றிடத்தில் கை போட்டபடி சிரித்தாள். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

“நாங்க ரெட்டைப் பிள்ளைங்க தம்பி. எனக்குப் பத்து நிமிஷம் மூத்தவ. போன மாசம்தான் செத்துப்போனா.”

திரையின் மூலையில் பச்சை எழுத்துகள் மின்னின: ‘டூப்ளிகேட் முகங்கள் நீக்கப்பட்டன. இடம் மிச்சம்! எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

அந்தச் சனியனைத் தொடவே கை கூசியது.

“உங்க அக்காவை அழிச்சிடுச்சாக்கா?”

அவர் சிறுமியின் மூக்கோரத்தில், தன் முகத்தில் இல்லாத மச்சத்தைத் தடவினார்.

“இல்ல தம்பி, இது அவதான். டூப்ளிகேட்டு நான்தானாம்.”