ஓட்டத் தகுதியில்லை

தூத்துக்குடியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லூர்துமேரியை அன்று காலை வண்டியில் ஏறவிடவில்லை. அவளுடைய செல்போன் பழக்கத்தை வைத்து, மனம் சரியில்லை, ஓட்டத் தகுதியில்லை என்று ஓட்டுநர்களின் போனைக் கண்காணிக்கும் கணினியிலிருந்து அறிக்கை வந்திருந்தது.

"என்னைய கழட்டிவிட நீங்களே எழுதுனதுதான இது?" என்று மேலாளர் தங்கதுரையிடம் கேட்டாள். புது ஆள் எடுக்கப்போவதாக ஏற்கெனவே அவள் காதில் விழுந்திருந்தது.

அவர் கணினித் திரையைத் திருப்பி அவளுடைய போன் பதிவைக் காட்டினார். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஒரே செயலி நூறு தடவைக்கு மேல் திறந்து மூடப்பட்டிருந்தது. பிறகு ஒரு தேடல்: 'என்னை ஏன் யாருக்கும் பிடிக்கவில்லை?'

அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் இருப்பாள். போன் பத்தாவது படிக்கும் மகள் ஜெனிட்டாவிடம் இருக்கும். பாடம் படிக்கிறாள் என்றே நினைத்திருந்தாள்.

"நீங்க இல்லன்னா யாருன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே வண்டி எடுக்கலாம். அறிக்கை அவங்க பேருக்கு மாறிரும்" என்றார் தங்கதுரை.

"மாறுனா யாரெல்லாம் பாப்பாங்க?"

"பள்ளிக்கூடம், காலேஜ், நாளைக்கு வேல குடுக்கவங்க... எல்லாரும்தான்."

லூர்துமேரி காகிதத்தை வாங்கி, 'நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் போய்விட வேண்டும் என்று வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.