வாயகன்ற ஜாடி

“இந்த ஜாடியில பூ வெச்சா சாயங்காலத்துக்குள்ள வாடிப்பூடும், சம்பங்கி. வயித்துல ரெண்டு கை தண்ணிகூட நிக்காது” என்றான் குயவன் முனிரத்தினம், சக்கரத்தில் ஈரமாக இருந்த ஜாடியைக் காட்டி.

“வாடட்டுமே! நான் பூக்காரியா, பூவுக்கு வைத்தியம் பாக்கறவளா?”

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிது. புருஷன் சுரங்கத்துக்குள்ளேயே செத்துப்போன பிறகு பூக்கூடைதான் சம்பங்கிக்குச் சோறு போட்டது. நந்திதுர்க் சுரங்க பங்களாத் துரைசானி தினமும் ஒரு கூடை பூ வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சீமையிலிருந்து யாரோ அவளுக்கு உயரமான கண்ணாடிக் குடுவை ஒன்றை அனுப்பித் தொலைத்தார்கள். குறுகிய கழுத்து. பத்து ரோஜா போட்டால் நிறைந்தது. நாலு நாள் ஆனாலும் வாடவில்லை. வாடியதெல்லாம் சம்பங்கியின் கூடையில்தான்.

அப்போதுதான் அவளே ஜாடி வரையக் கிளம்பினாள். கரித்துண்டை எடுத்துக் குயவன் வீட்டுத் தரையிலேயே வரைந்தாள். கூடை அகலத்துக்கு வாய், உள்ளங்கை ஆழம், இரண்டு பக்கமும் மயில் பிடி. கரிகிரி மண்பாண்டக்காரர்களிடம் பச்சை மெருகு பூசப் படித்துவிட்டு வந்த முனிரத்தினத்தை விட்டால் அதைச் செய்ய ஆளில்லை. அவனும் ஒண்டிக்கட்டை.

“பார்த்ததும் துரைசானி மயங்கிடணும்யா. ஒரு கூடை கொட்டினாத்தான் ரொம்பணும். பூ வாடினாத்தானே மறுநா காலையில என்னத் தேடுவாங்க?”

முனிரத்தினம் சிரிக்கவில்லை. “இத்த வாங்கிகினு போயிட்டா, அப்புறம் இந்தப் பக்கம் உனக்கு வேலை இருக்காதே?”

“ஜாடி இன்னா பூவா, தெனம் வாங்க? ஒண்ணு வாங்கினா ஆயுசுக்கும் போதும்.”

அவன் ஜாடியை நூலால் அறுத்துச் சக்கரத்திலிருந்து எடுத்தான். “சரி. ஈரம் காயட்டும். அடியில கொஞ்சம் வேலை பாக்கி கீது” என்றான்.

ஜாடி பச்சைக்கிளி மாதிரி மினுமினுத்தது. பங்களா பட்லர் கொர்னேலியஸ் அதை விரலால் தட்டிப் பார்த்தார். “மண்ணுதானே? ஒடைஞ்சா?”

“ஒடைஞ்சா வேற ஜாடி என் பொறுப்பு, பட்லரய்யா. காசே வேணாம்” என்றாள் சம்பங்கி.

துரைசானி மயங்கித்தான் போனாள். கண்ணாடிக் குடுவை அலமாரிக்குள் போனது. சாயங்காலமே ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டன. மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் பட்லர் சம்பங்கி வீட்டு வாசலில் நின்றார்.

“இன்னொரு கூடை குடு. ஜாடி பிரமாதம். உன் பூவுக்குத்தான் உசுரே இல்ல.”

“இந்த ஊரு வெயிலுக்கு அதுங்க இன்னா பண்ணும், பாவம்!”

பத்து நாள் இப்படி அமோகமாகப் போயிற்று. பதினோராம் நாள் பட்லர் ஓடிவந்தார். “அடி தனியா, ஜாடி தனியா கழண்டுகிச்சு! தண்ணியெல்லாம் துரை மடியில!”

சம்பங்கி முனிரத்தினத்திடம் ஓடினாள். அவன் ஆச்சரியப்படவே இல்லை. மணை போட்டு உட்காரவைத்தான், மோர் கொடுத்தான், ஊர்க்கதை கேட்டான். வேறொரு ஜாடியைத் துடைத்துக் கொடுத்தான். காசு மட்டும் வாங்கவில்லை.

ஒரே வாரத்தில் அதுவும் போயிற்று. இந்தத் தடவை துரைசானியின் பைபிள் நனைந்தது.

“மூணாவதும் ஒடைஞ்சா ஜாடியும் வேணாம், பூவும் வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றார் பட்லர்.

முனிரத்தினத்தின் வீட்டில் சம்பங்கி இப்போது மணையில் உட்காரவில்லை. மோரைத் தொடவில்லை. பலகைமேல் தயாராக இருந்த மூன்றாவது ஜாடியைத் தூக்கிக் கவிழ்த்தாள். அடியைச் சுற்றி, மெருகுக்குக் கீழே, மயிரிழையாக ஒரு கீறல்.

“இது இன்னாயா?”

“கத்தி பட்டது.”

“யாரு கத்தி?”

“என்...னுதுதான்.”

“அடப்பாவி! பங்களா வாசல் மூடிச்சின்னா நான் சோத்துக்கு எங்கய்யா போவேன்?”

முனிரத்தினத்தின் முகம் செத்துவிட்டது. உள்ளே ஓடி, வைக்கோலுக்குள்ளிருந்து கனத்த ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதே மயில், அதே பச்சை. “இத்த எடுத்துகினு போ. இது ஒடையாது. மொத நாளே செஞ்சு வெச்சது.”

“மொத நாளேவா? அப்ப இத்தக் குடுக்காம, கீறி வெச்சதயா பார்த்துப் பார்த்துக் குடுத்த?”

அவன் விரலில் காய்ந்திருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

“பூ வாடினாத்தான் துரைசானி உன்னத் தேடுவாங்கன்னு நீதானே சொன்ன? ஜாடி ஒடைஞ்சாத்தானே நீ இங்க வருவ?”