இன்குபேட்டருக்கு விடுமுறை

"மனித குலத்தைக் காக்கும் படைக்கு இனி மரணமில்லை" என்று கல்லூரி வாசலில் பேனர் முழங்கியது.

படை மாடியில், ஆய்வகத்தில், இரண்டு சிறு தட்டுகளில் செத்துக் கிடந்தது.

அவள் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய நீர் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது.

கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள். சண்டையில் கிளம்பும் நச்சு அவற்றையே எரித்துவிடும். எரியாமல் காப்பது உள்ளே ஊறும் ஆன்டிஆக்சிடன்ட்.

முதல் தட்டில் அதை விட்டுவைத்தாள். இரண்டாவதில் பிடுங்கிவிட்டாள்.

ஒன்று பிழைக்க வேண்டும். ஒன்று சாக வேண்டும். அவளுடைய பிஎச்.டி. அவ்வளவுதான்.

வெளிக்கிருமி ஒன்றுகூட உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று கையுறை போட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் மூடியைத் திறப்பாள்.

ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். பேராசிரியர் சிவசண்முகம் போகவில்லை.

"ஆயுதத்துக்கும் ஒரு நாள் ஓய்வு வேணுமில்லம்மா" என்றார் இப்போது, பெருமையாக.

தட்டுகளை உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரை அணைத்திருந்தார். நெற்றியில், அதாவது கதவில், சந்தனமும் குங்குமமும். உள்ளே தட்டுகளின் மூடியைத் திறந்து, ஒன்றுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் ஆளுக்கொரு சிட்டிகை திருநீறு.

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரிலும் சந்தனம்.

"சார், இது மொத்தமும்…"

"வைவா அடுத்த மாசம்தானே?" என்றார் சிவசண்முகம், மிக மென்மையாக.

அவள் இரண்டு தட்டுகளையும் மைக்ராஸ்கோப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

தாளாளர் வந்தார். பின்னாலேயே புகைப்படக்காரர். தாளாளர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"ஆத்தாடி. என்னமா நீந்துது. மீன் குஞ்சாட்டம்."

"எல்லாம் உள்ள இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட் செய்யற வேலைங்கய்யா."

"அது இல்லாத தட்டு எங்கய்யா?"

தட்டு மாறியது.

"இதுலயும் நீந்துதே."

சிவசண்முகம் தொண்டையைச் செருமினார். "அது… நம்ம கல்லூரி ராசிங்கய்யா."

தாளாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொன்னாடையை உதறி அவள் தோளில் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"சிரிங்க மேடம்" என்றார் புகைப்படக்காரர்.

சிரித்தாள்.

வெள்ளணு ஊரும். நீந்தாது.