ஏழாம் எண் தலைமைக்கு ஆகாது

கைதட்டல் அடங்குவதாக இல்லை. தேர்வான பெண்ணை விட்டுவிட்டு எல்லாரும் அவளுடைய மேனேஜரைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

"இவங்க எழுதின கடிதம் மட்டும் இல்லேன்னா, இந்தப் பொண்ணோட துணிச்சல் எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது," என்று தேர்வுக் குழுத் தலைவி மைக்கில் சொன்னாள். மேனேஜர் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தபடியே சிரிப்பதா என்று தெரியாமல் நாற்காலியில் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள்.

தான் எழுதிய கடிதம் அவளுக்கு மனப்பாடம். 'ஏழாம் எண் மாடாக உழைப்பாள். ஆனால் நெஞ்சுரம் கிடையாது. தனக்குச் சேர வேண்டியதைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாது. தலைமைக்கு ஆகாது.'

பல நாட்டுப் பெண்கள் வேலை பார்க்கும் நிறுவனம் அது. கீழ்மாடிகளில் இருபது மொழி கேட்கும். இயக்குநர்கள் உட்காரும் ஆறாவது மாடியில் ஒரே மொழிதான். அதை மாற்றத்தான் இந்த வருடம் தலைமைப் பயிற்சி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்துப் பெண்கள் விண்ணப்பித்தார்கள், இடம் ஒன்றே ஒன்று.

பாரபட்சம் கூடாது என்று விதிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். எந்தத் தாளிலும் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கருத்துச் சொல்லும் மேலதிகாரிகள் அவரவர் தாய்மொழியிலேயே மனம்விட்டு எழுதலாம். மொழிபெயர்ப்பைக் குழு பார்த்துக்கொள்ளும்.

ஏழாம் எண் பெண், மேனேஜரின் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறவள். மேனேஜர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வாயில்லாப்பூச்சி. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான். லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரின் தலைமுடிச் சாயத்தை அவர் காதுபடவே கிண்டலடிக்கும் சுகம் வேறு யாருக்கும் வாய்க்காது.

பிறகு ஏன் அப்படி எழுதினாள்? பிரிவின் பாதி வேலையை வாயில்லாப்பூச்சிதான் இழுத்துக்கொண்டிருந்தாள், அது ஒரு காரணம். இன்னொன்றை மேனேஜர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. பத்தொன்பது வருடம் முட்டி மோதித் தான் ஏறி வந்த மாடியை, இவள் ஒரே தாவில் தாண்டிப் போய்விடுவாள் என்ற வயிற்றெரிச்சல் அது.

மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ நன்றாகச் சொதப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவனைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று புரியவில்லை.

அதற்குள் வாயில்லாப்பூச்சி போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அக்கா, அம்மா லைன்ல இருக்காங்க. உங்ககிட்ட பேசியே ஆகணுமாம்."

"உங்க லெட்டராலதான் கெடைச்சுதுன்னு பொண்ணு சொன்னாம்மா," என்றது அந்தக் குரல், பாதி அழுகையில். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

"ஐயோ, நான் ஒண்ணுமே செய்யலம்மா," என்றாள் மேனேஜர். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். அதையும் அந்த அம்மா அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நாலு தரம் வாழ்த்தினாள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே தலைவியின் அறைக்குப் போனாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லைதான். ஆனால் அந்த அழுகைக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

"என் கடிதத்தைத் தப்பா மொழிபெயர்த்துட்டாங்க போல. நான் எழுதினது வேற."

தலைவி கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தப்பே இல்ல. வெளியாள் ஒருத்தரை வச்சு இன்னொரு தடவையும் சரிபார்த்துட்டோம். அப்படிப் பார்த்துக்கச் சொல்லி மொழிபெயர்த்தவங்களே அடியில எழுதியிருந்தாங்க. ஒரு எழுத்துகூடப் பிசகல."

"அப்போ நான் எழுதினதை எல்லாம்..."

"முழுசாப் படிச்சோம்," என்றாள் தலைவி. மைக்கில் சிரித்த சிரிப்பு இப்போது அந்த முகத்தில் இல்லை. "மிச்சத்தை உங்க பொண்ணுகிட்டயே கேட்டுக்குங்க."

மேனேஜர் படியில் இறங்கினாள். லிஃப்டில் நாலு பேர் கைகொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள்ளும் தெம்பு அவளுக்கு இல்லை.

வாயில்லாப்பூச்சி தன் மேஜையைக் காலிசெய்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மேனேஜர் அவள் ஸ்டேப்லரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா என்னை வாழ்த்தியிருக்கவே கூடாது. நான் உன்னைப் பத்தி நல்லா எழுதல. நெஞ்சுரம் இல்லாதவ, தலைமைக்கு ஆகாதுன்னு எழுதினேன். உன்னைப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

"தெரியும்க்கா."

"தெரியுமா? யாரு சொன்னா?"

அவள் ஸ்டேப்லரை மெல்ல வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"மொழிபெயர்க்கச் சொல்லி என்கிட்டதான்க்கா குடுத்தாங்க."