இடது கண் பாக்கி

வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். தக்கலை வீட்டுக்கு வந்ததும் லில்லிபாய்க்குச் சுவர்க் காலண்டரின் வேத வசனம்கூடப் பளிச்சென்று தெரிந்தது. அவள் புருஷன் தாசையன் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"அப்பா எங்கட்டி?"

"இன்னா இருக்காருல்லா," என்று மகள் ஜின்சி நாற்காலியைக் காட்டினாள். அதன் பக்கத்தில் கட்டஞ்சாயாவை வைத்துவிட்டுப் போனாள்.

லில்லிபாய் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். இடது கண்ணின் புரை மங்கலுக்குள் தாசையன் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது கண்ணைப் பொத்தினாள். நாற்காலி காலி.

தாசையனுக்குப் போன வருஷமே இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இரண்டாவது கட்டை அவிழ்த்த நாளிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சர்ச்சுக்கும் தனியாகவே போய் வந்தார். என்னவோ கோபம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஜின்சி சொட்டு மருந்தோடு வந்தபோது நாற்காலியிலிருந்து தாசையனின் குரல் கேட்டது.

"மக்கா, அம்மைய ஆஸ்பத்திரியில இருந்து விடல்லியா இன்னும்?"

"என்னப்பா நீங்க? இன்னா ஒங்க முன்னாலதான இருக்காவ."

லில்லிபாய் இடது கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

"அடுத்த கண்ணுக்கு என்னைக்கு வரச் சொன்னாவ?"

"வியாழக்கிழமை. வேணும்னா தள்ளிப் போடலாம்மா."

"வேண்டாம். வியாழக்கிழமையே போவம்."

மருந்து விழுந்ததும் நாற்காலி கலங்கியது. பிறகு தெளிந்தது. காலியாகவே இருந்தது.