விலைவாசி டீச்சர்

"நல்ல புடவையா ஒண்ணு கட்டிக்கிட்டு வாங்க மேடம். நாங்க வெயிட் பண்றோம்."

வாசலில் நின்ற சாம்பல் கோட்டுக்காரர் மிகப் பணிவாகத்தான் சொன்னார். அந்தப் பணிவுதான் பேராசிரியையைப் பயமுறுத்தியது. கோட்டுக்காரருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தெருவில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது.

"எங்க சார் கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் கணவர்.

"மேலிடத்து உத்தரவு சார். அதுக்கு மேல கேக்காதீங்க."

உள்ளறையில் பேராசிரியைக்குப் புடவைக் கொசுவம் கையில் நிற்கவே இல்லை. மூன்றாம் தடவையும் நழுவியது. கணவர் ஒரு துணிப்பையில் கம்பளிச் சட்டை, பல் துலக்கும் பிரஷ், பிரஷர் மாத்திரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் திணித்துக்கொண்டிருந்தார்.

"நாடே வாயைப் பொத்திக்கிட்டு இருக்கு. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பொருளாதாரம் சொல்லிக் குடுக்கறவ விலைவாசியைப் பத்திப் பேசாம, வானிலையைப் பத்தியா பேசுவா?"

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று அரசாங்கம் தினமும் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தது. பேராசிரியை தன் மாணவிகளைக் கடை கடையாக அனுப்பி, போன வருஷம் என்ன விலை, இப்போது என்ன விலை என்று விசாரித்து வரச் சொன்னார். பிறகு கல்லூரி மேடையில் ஏறி, அரசாங்கம் சொல்வது சுத்தப் பொய் என்று போட்டு உடைத்தார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் 'விலைவாசி டீச்சர்'. முந்தாநாள், கடைகளுக்குப் போய் வந்த மாணவிகளில் ஒருத்தியை விடுதியிலிருந்து யாரோ காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

"அந்தப் பொண்ணு எங்கன்னு கேப்பேன். மத்த பொண்ணுங்க பேரை மட்டும் சொல்லவே மாட்டேன். அடிச்சே கொன்னாலும் சரி" என்றார் பேராசிரியை, தாழ்ந்த குரலில்.

"ஊசி போட்டாலே மயக்கம் போட்டு விழறவ நீ" என்றார் கணவர். சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

வாசலில் சாம்பல் கோட்டுக்காரர் அந்தப் பையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் வேணாம் சார். அங்க எல்லாம் குடுப்பாங்க."

"எப்ப திரும்பி வருவா?"

கோட்டுக்காரர் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

விசாரிக்கும்போது நாக்கு தவறிவிடக் கூடாதே என்று காரில் பேராசிரியை மாணவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மறக்கப் பார்த்தார். மறக்க நினைத்த ஒவ்வொரு பெயரும் முகத்தோடு வந்து முன்னால் நின்றது.

ஒரு பெரிய கட்டடத்தின் பின்பக்கமாக வண்டி பூமிக்கடியில் இறங்கியது. நீளமான நடை. கதவுக்குக் கதவு துப்பாக்கிக் காவல். கைப்பையையும் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெள்ளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, "நேரா பாருங்க" என்று படம் எடுத்தார்கள். கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "நூத்திப் பதினாலு" என்றார்.

"அது என்ன?"

"உங்க நம்பர் மேடம். ஞாபகம் வெச்சுக்கங்க."

ஆயிற்று, இனி நமக்குப் பெயர்கூடக் கிடையாது என்று நினைத்தார் பேராசிரியை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். பாதி, புடவையிலேயே சிந்திப் போயிற்று.

"என் ஸ்டூடண்ட் இங்கதான் இருக்காளா?"

"பத்திரமா இருக்கா" என்றார் சாம்பல் கோட்டுக்காரர்.

"அவளை விட்டுடுங்க சார். சின்னப் பொண்ணு. கடைக்கெல்லாம் போகச் சொன்னது நான். மேடையில பேசினதும் நான். என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க."

"அதுக்குத்தானே மேடம் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எந்திரிங்க. நேரமாச்சு."

இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். நடையின் கோடியில் உயரமான ஒரு மரக்கதவு. அதற்கு அப்பால் ஏதோ கூட்டத்தின் இரைச்சல். எல்லாரும் பார்க்கும்படியாகவா செய்யப் போகிறார்கள்? கணவர் முகம் ஒரு தடவை மனதில் வந்து போனது. பேராசிரியை பல்லைக் கடித்துக்கொண்டார். பெயரைச் சொல்லக் கூடாது. ஒரு பெயரைக்கூடச் சொல்லக் கூடாது.

கதவு திறந்தது. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் ஒரு சத்தம் நாலா பக்கமும் எழுந்தது.

கண்ணைத் திறந்தார். வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த மேடையில், நாட்டின் எல்லா அலுவலகச் சுவரிலும் படமாகத் தொங்குகிறவர், மைக்கின் முன் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார்.

"ஊரே கொண்டாடும் நம் விலைவாசி டீச்சர், அரசின் கணக்கே சரியான கணக்கு என்று ஏற்றுக்கொண்டு, இன்று முதல் நம் நாடாளுமன்றத்தின் நூற்றுப் பதினாலாம் இருக்கை உறுப்பினர் ஆகிறார்!"

சாம்பல் கோட்டுக்காரர் பேராசிரியையின் காதருகே குனிந்தார். "சிரிங்க மேடம். நாடு பூரா டிவியில பாத்துட்டு இருக்கு. நீங்க சிரிச்சாத்தான் அந்தப் பொண்ணு இன்னைக்கு வீட்டுக்குப் போவா."

பேராசிரியை சிரித்தார்.